பிழைத்து வந்தவர்களைத் திருப்பி அனுப்பும் ஜெர்மனி

ஜெர்மனியின் பிராண்டன்பர்க் மாநிலத்தில் லிஷென் என்றொரு சிற்றூர். அங்கே வசித்த ஒரு யாசிதிக் குடும்பம், தாய், தந்தை, நான்கு பிள்ளைகளுடன், 2025 ஜூலை 22 அன்று லைப்சிக் விமான நிலையத்துக்குக் கொண்டுசெல்லப்பட்டு, பாக்தாத் போகும் விமானத்தில் ஏற்றப்பட்டது. அந்தக் குடும்பம் நாட்டைவிட்டு வெளியேற வேண்டும் என்ற உத்தரவை போட்ஸ்டாம் நிர்வாக நீதிமன்றம் அதே நாளில் நிறுத்திவைத்தது. அந்தத் தகவல் வந்து சேர்வதற்குள் விமானம் புறப்பட்டுவிட்டது.

இதற்கு இரண்டரை ஆண்டுகளுக்கு முன்னால், 2023 ஜனவரி 19 அன்று, ஜெர்மன் நாடாளுமன்றம் ஒரு தீர்மானத்தை ஒருமனதாக நிறைவேற்றியிருந்தது. ஈராக்கில் 'இஸ்லாமிய அரசு' (ஐஎஸ்) என்ற ஆயுத அமைப்பு யாசிதிகள் மீது நடத்தியது இனப்படுகொலைதான் என்று அது அறிவித்தது. யாசிதிகள் மீதான ஒடுக்குமுறையும் பாகுபாடும் இன்னும் ஓயவில்லை என்பதைக் கருத்தில்கொண்டு, புகலிடம் கேட்டு வருவோருக்குத் தொடர்ந்து பாதுகாப்பு தர வேண்டும் என்றும் அரசைக் கேட்டுக்கொண்டது. அந்த ஆண்டு முடிவதற்குள்ளேயே யாசிதிகளை ஈராக்குக்குத் திருப்பி அனுப்பும் வேலை தொடங்கிவிட்டது.

நாடாளுமன்றம் ஒன்று சொல்ல, குடிபெயர்வு அலுவலகம் வேறொன்று செய்கிறது. துன்புறுத்தப்பட்ட ஒரு சமயச் சிறுபான்மையை ஒரு நாடு ஏற்றுக்கொள்வது என்றால் நடைமுறையில் அதற்கு என்ன பொருள் என்பதுதான் இங்கே கேள்வி.

யார் இவர்கள்?

யாசிதிகள் பெரும்பாலும் குர்திஷ் மொழி பேசுகிறவர்கள். வடக்கு ஈராக்கின் மலைப் பள்ளத்தாக்கில் உள்ள லாலிஷ் அவர்களுடைய புனிதத் தலம். கடவுள் ஒருவரே, உலகை ஏழு தேவதூதர்களின் பொறுப்பில் விட்டிருக்கிறார், அவர்களுக்குத் தலைமையானவர் மயில் வடிவில் வழிபடப்படும் தாவூசி மெலெக். இதுதான் அவர்களின் நம்பிக்கை. புதன்கிழமை அவர்களுக்குப் புனித நாள். ஏப்ரல் மாதத்துப் புதன் ஒன்றுதான் புத்தாண்டு. சமயப் பாடல்கள் தலைமுறை தலைமுறையாக வாய்மொழியாகவே வந்தவை.

மயில் என்றதும் நமக்கு முருகன் நினைவு வருவது இயல்பு. அதை மட்டுமே வைத்துக்கொண்டு யாசிதிகளைப் பழந்தமிழர் ஆக்கும் பதிவுகள் இணையத்தில் உலவுகின்றன. அதற்கு ஆதாரம் எதுவும் கிடையாது. அந்தப் பேச்சை இத்தோடு விட்டுவிடலாம்.

மயில் தேவதையைச் சாத்தானோடு இணைத்துப் பேசி, 'சாத்தானை வணங்குகிறவர்கள்' என்று யாசிதிகள் மீது நூற்றாண்டுக் கணக்காகப் பழி சுமத்தப்பட்டுவருகிறது. தங்கள் மீது ஏவப்பட்ட படுகொலைகளை அவர்கள் வரிசை எண் போட்டு நினைவில் வைத்திருக்கிறார்கள். 2014இல் நடந்ததை 74ஆவது என்கிறார்கள்.

அந்த ஆண்டு ஆகஸ்ட் 3 அன்று ஐஎஸ் படை, யாசிதிகள் செறிந்து வாழ்ந்த வடக்கு ஈராக்கின் சிஞ்சார் பகுதிக்குள் நுழைந்தது. காவலுக்கு இருந்த குர்திஷ் படைகள் இரவோடு இரவாகப் பின்வாங்கிவிட்டன. மக்கள் சிஞ்சார் மலை மீது ஏறினார்கள்; ஆகஸ்ட் மாத வெயிலில், தண்ணீரின்றிக் குழந்தைகள் இறந்தார்கள். கோச்சோ என்ற கிராமத்தைச் சுற்றி வளைத்து வைத்திருந்த ஐஎஸ், ஆகஸ்ட் 15 அன்று ஊரார் அனைவரையும் பள்ளிக்கூடத்துக்கு வரச் சொன்னது. பணம், நகை, கைபேசி எல்லாவற்றையும் பறித்துக்கொண்டது. பெண்களையும் குழந்தைகளையும் மாடிக்கு அனுப்பிவிட்டு, ஆண்களை வண்டிகளில் ஏற்றிச் சென்று ஊருக்கு வெளியே சுட்டுக் கொன்றது. மாடியில் இருந்தவர்களுக்கு வெடிச் சத்தம் கேட்டது. பின்னாளில் அமைதிக்கான நோபல் பரிசு பெற்ற நாடியா முராத் அந்த ஊர்க்காரர். தாயையும் ஆறு சகோதரர்களையும் இழந்தவர்.

சுமார் 5,000 பேர் கொல்லப்பட்டார்கள். 6,400க்கும் மேற்பட்ட பெண்களும் குழந்தைகளும் கடத்தப்பட்டார்கள். பெண்கள் சந்தையில் விற்கப்பட்டார்கள். சிறுவர்கள் துப்பாக்கி பிடிக்கப் பழக்கப்பட்டார்கள். 2,500க்கும் மேற்பட்டோர் என்ன ஆனார்கள் என்பது இன்றுவரை தெரியவில்லை.

ஜெர்மனி செய்த நல்லது

இதைச் சொல்லாமல் குறையை மட்டும் பேசுவது நியாயமாகாது. யாசிதிகள் விஷயத்தில் ஜெர்மனி அளவுக்குச் செய்த நாடு வேறில்லை.

பாடன்-வியூர்ட்டெம்பெர்க் மாநிலம் 2015-16இல் தனித் திட்டம் ஒன்றை நடத்தியது. ஐஎஸ் பிடியிலிருந்து தப்பி வந்த சுமார் 1,100 பெண்களையும் குழந்தைகளையும் ஈராக் முகாம்களிலிருந்து நேரடியாக விமானத்தில் அழைத்துவந்தது. மாநில அரசு இதற்காக 9.5 கோடி யூரோ ஒதுக்கியது. யாரை அழைப்பது என்பதில் உளவியலாளர் யான் இல்ஹான் கிசில்ஹான் ஒவ்வொருவரிடமும் பேசி மதிப்பிட்டார். அவரும் யாசிதி சமூகத்தில் பிறந்தவர்தான். நாடியா முராத் ஜெர்மனிக்கு வந்ததும் இந்தத் திட்டத்தில்தான்.

ஐஎஸ் உறுப்பினர் ஒருவர் யாசிதிகள் மீதான இனப்படுகொலைக் குற்றத்துக்காக உலகிலேயே முதன்முதலாகத் தண்டிக்கப்பட்டதும் ஜெர்மனியில்தான். 2021 நவம்பரில் பிராங்ஃபர்ட் நீதிமன்றம் அவருக்கு ஆயுள் தண்டனை விதித்தது. அடிமையாக வாங்கிய ஐந்து வயதுச் சிறுமியை ஃபலூஜா நகரத்தில் கொளுத்தும் வெயிலில் ஜன்னலில் கட்டிவைத்துச் சாகவிட்டவர் அவர். சாட்சி சொன்னவர் அந்தச் சிறுமியின் தாய்.

ஈராக்குக்கு வெளியே யாசிதிகள் மிக அதிகமாக வாழும் நாடு இன்று ஜெர்மனி. அவர்கள் எண்ணிக்கை 2 லட்சம் அளவில் இருக்கும் என்று மதிப்பிடப்படுகிறது.

வந்த தேதி தீர்மானிக்கும் தலைவிதி

பிறகு எங்கே இடறியது?

2014 முதல் 2017 வரை ஈராக்கிலிருந்து வந்த யாசிதிகளுக்கு ஏறக்குறைய அனைவருக்கும் அகதித் தகுதி கிடைத்தது. 2017 டிசம்பரில் ஐஎஸ் முறியடிக்கப்பட்டதாக ஈராக் அறிவித்தது. அதன்பின் அதிகாரிகளின் பார்வை மாறியது. யாசிதி என்ற ஒரே காரணத்துக்காக அங்கே இனி யாரும் துன்புறுத்தப்படுவதில்லை என்று ஜெர்மனியின் குடிபெயர்வு அலுவலகம் வாதிடத் தொடங்கியது. லோயர் சாக்சனி மாநில உயர் நிர்வாக நீதிமன்றமும் 2019இல் இதே கருத்தை ஏற்றது. விண்ணப்பங்கள் ஏற்கப்படும் விகிதம் மளமளவென்று சரிந்தது.

விளைவு விசித்திரமானது. ஒரே கிராமத்தில், ஒரே நாளில், ஒரே கொடுமையிலிருந்து ஓடிய இரண்டு சகோதரர்களை எடுத்துக்கொள்வோம். கையில் காசு இருந்த அண்ணன் 2015இல் துருக்கி வழியாக ஜெர்மனி போய்ச் சேர்ந்திருந்தால், இன்று அவர் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கும் நிலையில் இருப்பார். வயதான பெற்றோரோடு ஏழு ஆண்டுகள் முகாம் கூடாரத்தில் கிடந்துவிட்டு 2022இல் வந்த தம்பிக்கு 'வெளியேறு' என்ற கடிதம் வரும். தம்பி பட்ட துன்பம் அண்ணன் பட்டதைவிடக் கூடுதல்தானே தவிரக் குறைவில்லை.

நீண்டகாலமாகத் தற்காலிக அனுமதியில் இருப்போருக்கு ஒரு வாய்ப்பு தரும் சட்டத்தை ஜெர்மனி 2022 இறுதியில் கொண்டுவந்தது. 2022 அக்டோபர் 31 அன்று ஐந்து ஆண்டுகளை நிறைவு செய்திருக்க வேண்டும் என்பது நிபந்தனை. அதாவது 2017 அக்டோபர் கடைசிக்குள் வந்திருக்க வேண்டும். அலுவலகம் கதவைச் சாத்தத் தொடங்கிய காலத்துக்குப் பின்னால் வந்தவர்கள் இதிலும் சேரவில்லை. சட்டம் எழுதியவர்கள் யாசிதிகளை ஒதுக்க நினைத்திருக்க மாட்டார்கள். தேதிக் கணக்கு அப்படி அமைந்துவிட்டது.

அகதிகளுக்காகப் பணியாற்றும் 'புரோ அசூல்' என்ற அமைப்பு, நாடு கடத்தப்படும் அபாயத்தில் உள்ள ஈராக்கிய யாசிதிகள் 5,000 முதல் 10,000 பேர் வரை இருக்கலாம் என்கிறது. 8 கோடிக்கும் மேற்பட்ட மக்கள்தொகை கொண்ட நாட்டில் இந்த எண்ணிக்கை எம்மாத்திரம்?

கண்ணெதிரே இருப்பவர் எளிய இலக்கு

ஜெர்மானிய அரசின் தரப்பையும் கேட்க வேண்டும். 2015க்குப் பிறகு அந்த நாடு பல லட்சக்கணக்கில் அகதிகளை ஏற்றிருக்கிறது. வீட்டு வாடகை ஏறிவிட்டது. பள்ளிகளில் இடம் போதவில்லை. ஊராட்சிகள் கையைப் பிசைகின்றன. 2024 ஆகஸ்டில் சோலிங்கன் நகரத் திருவிழாவில் புகலிடம் தேடி வந்திருந்த ஒருவர் கத்தியால் குத்தி மூவரைக் கொன்ற பிறகு மக்களின் கோபம் உச்சத்துக்குப் போனது. குடியேற்றத்துக்கு எதிரான ஏஎஃப்டி கட்சி 2025 பிப்ரவரித் தேர்தலில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் வாக்குகளைப் பெற்றது. நாடு கடத்தல் எண்ணிக்கையைக் கூட்டிக் காட்ட வேண்டிய நெருக்கடி எந்த அரசுக்கும் இருக்கிறது.

கோபத்தில் நியாயம் உண்டு. ஆனால், எண்ணிக்கையைக் கூட்டு என்று ஓர் அதிகாரியிடம் சொன்னால் அவர் யாரைத் தேடிப் போவார்? தலைமறைவாகத் திரியும் குற்றவாளியைப் பிடிக்க மாதக் கணக்காகும். பதிவு செய்த முகவரியில் குடியிருந்து, பிள்ளைகளைத் தவறாமல் பள்ளிக்கு அனுப்பி, அழைத்த தேதிக்கு அலுவலகத்துக்கு வந்து நிற்கிற குடும்பத்தை ஒரே காலைப்பொழுதில் அழைத்துப் போய்விடலாம். குற்றவாளிகளை வெளியேற்றுவோம் என்று சொல்லித் தொடங்கிய வேலை, விதிகளைக் கடைப்பிடித்தவர்கள் தலையில் விடிகிறது.

இன்னொரு பக்கமும் உண்டு. அகதி முகாமில் இருப்போரும் உறவினர்களும் இதைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். மொழி கற்றாலும், வேலைக்குப் போனாலும், பிள்ளை நன்றாகப் படித்தாலும் ஒருநாள் காலை கதவு தட்டப்படும் என்றால், அந்தச் சமூகத்தோடு ஒட்டி வாழ யாருக்கு மனம் வரும்?

திரும்பிப் போனால் என்ன இருக்கிறது?

ஐஎஸ் போய்விட்டது உண்மை. ஆனால் சிஞ்சாரில் இன்னும் நிலைமை சீராகவில்லை. அந்தப் பகுதி யாருக்குச் சொந்தம் என்பதில் பாக்தாதில் உள்ள ஈராக் அரசுக்கும் எர்பிலில் உள்ள குர்திஷ் பிராந்திய அரசுக்கும் இடையே தீராத வழக்கு. ஷியா ஆயுதக் குழுக்கள், குர்திஷ் ஆயுதக் குழுக்கள், உள்ளூர்ப் படைகள் என்று பல துப்பாக்கிகள் அங்கே நடமாடுகின்றன. துருக்கியின் ட்ரோன்கள் வந்து குண்டு போடுகின்றன. 2020 அக்டோபரில் இரு அரசுகளும் கையெழுத்திட்ட சிஞ்சார் ஒப்பந்தம் பெரும்பாலும் காகிதத்திலேயே நிற்கிறது. பகுதி முழுவதும் 80க்கும் மேற்பட்ட கூட்டுப் புதைகுழிகள். எல்லாம் இன்னும் தோண்டி முடிக்கப்படவில்லை.

அதனால்தான் லட்சத்துக்கும் மேற்பட்ட யாசிதிகள் பத்தாண்டு கடந்தும் துஹோக் மாகாணக் கூடாரங்களிலேயே காலம் தள்ளினார்கள். 2024 ஜூலை 30க்குள் அந்த முகாம்களை மூடப்போவதாக ஈராக் அரசு அறிவித்தது. திரும்பிப் போகும் குடும்பத்துக்கு 40 லட்சம் தினார், அதாவது ஏறத்தாழ 3,000 டாலர், தருவதாகச் சொன்னது. இடிந்த வீட்டுக்கு அது கூரைக்குக்கூடக் காணாது.

பக்கத்து ஊர்க்காரர்கள் பற்றிய பயமும் தீரவில்லை. 2014இல் ஐஎஸ்ஸுக்கு வழிகாட்டியவர்களில் அக்கம்பக்கத்தவரும் இருந்தார்கள். 2023 ஏப்ரலில் சிஞ்சாரில் யாசிதிகள் ஒரு மசூதியைக் கொளுத்திவிட்டார்கள் என்று பொய்ச் செய்தி பரவியபோது, அவர்களுக்கு எதிரான வெறுப்புப் பேச்சு சமூக ஊடகங்களில் கொழுந்துவிட்டு எரிந்தது.

ஈராக் நாடாளுமன்றம் 2021 மார்ச்சில் உயிர்பிழைத்த யாசிதிப் பெண்களுக்கு மாத உதவித்தொகையும் நிலமும் தரும் சட்டத்தை நிறைவேற்றியது. நல்ல சட்டம்தான். அதே ஈராக்கில் 2015ஆம் ஆண்டின் தேசிய அடையாள அட்டைச் சட்டப்படி, பெற்றோரில் ஒருவர் முஸ்லிமாக இருந்தால் குழந்தையும் முஸ்லிம் என்றே பதியப்படும். ஐஎஸ்காரனின் வன்கொடுமையால் பிறந்த குழந்தையைத் தாய் தன் மதத்தில் பதிய வழியே இல்லை.

கலந்து வாழ்வதா, கரைந்து போவதா?

பண்பாட்டுக் கலப்பு பற்றிப் பேசும்போது யாசிதிகள் ஒரு கடினமான சோதனை. காரணம், அவர்களுடைய மதமே உள்ளே சுருங்கி நின்று பிழைத்தது.

வெளியிலிருந்து யாரும் மதம் மாறி யாசிதி ஆக முடியாது. தாயும் தந்தையும் யாசிதியாக இருந்தால்தான் பிள்ளை யாசிதி. வெளியே மணம் செய்துகொண்டவர் சமூகத்துக்கு வெளியேதான். உள்ளேயும் ஷேக், பீர், முரீத் என்று மூன்று பிரிவுகள். அவற்றுக்கிடையே பெண் கொடுக்கல் வாங்கல் கிடையாது. அகமணம் என்றால் என்ன, அதை மீறினால் என்ன நடக்கும் என்பதைத் தமிழ் வாசகருக்கு விளக்க வேண்டியதில்லை.

ஜெர்மனியிலும் அது நடந்தது. 2011 நவம்பரில் டெட்மோல்டு நகரில், ஜெர்மானிய இளைஞரைக் காதலித்த 18 வயது யாசிதிப் பெண்ணை அவருடைய உடன்பிறந்தவர்களே கடத்திக் கொன்றார்கள். அடுத்த ஆண்டு ஐந்து சகோதர சகோதரிகள் தண்டிக்கப்பட்டார்கள். நம் ஊர் மொழியில் அது ஆணவக் கொலை. வேறு பெயர் சொல்லிப் பூச வேண்டியதில்லை. துன்புறுத்தப்பட்ட சமூகம் என்பதால் அதற்குள் நடக்கும் துன்புறுத்தலுக்குச் சலுகை தர முடியாது.

இதே சமூகத்தின் இன்னொரு முகமும் ஜெர்மனியில்தான் தெரிந்தது. செல்லே நகரில் 1976இல் பிறந்த ஃபெலெக்னாஸ் உஜா, 22 வயதில் ஐரோப்பிய நாடாளுமன்ற உறுப்பினர் ஆனார். ஹனோவரில் வளர்ந்த டூசன் டெக்கல் பத்திரிகையாளராகி, 2014இல் தந்தையோடு ஈராக் போய்ப் படுகொலையை ஆவணப்படமாக்கினார். இன்று ஜெர்மன் தொலைக்காட்சி விவாதங்களில் பெண் உரிமைக்காகவும் அடிப்படைவாதத்துக்கு எதிராகவும் ஓங்கிக் கேட்கும் குரல் அவருடையது.

இவர்களின் பெற்றோர் தலைமுறை துருக்கியின் தென்கிழக்கிலிருந்து வந்தது. 1961இல் துருக்கியுடன் செய்த ஒப்பந்தப்படி ஆலை வேலைக்கு வந்தவர்கள் சிலர். 1980 ராணுவப் புரட்சிக்குப் பிறகு தஞ்சம் தேடி வந்தவர்கள் மிகப் பலர். அவர்களையும் முதலில் திருப்பி அனுப்பத்தான் பார்த்தார்கள். நார்த் ரைன்-வெஸ்ட்ஃபாலியா மாநிலம் 1989இல் அதை நிறுத்தியது. தங்கும் உரிமை உறுதியானது. துருக்கியில் இன்று யாசிதிகள் சில நூறு பேர்தான் மிச்சம். ஜெர்மனியில் அவர்களுடைய பேரப்பிள்ளைகள் வழக்கறிஞர்களாகவும் மருத்துவர்களாகவும் இருக்கிறார்கள். ஹனோவரின் லாஹெ மயானத்தில் யாசிதிகளுக்கென்று தனிப் பகுதி இருக்கிறது. இறந்தவரை விமானத்தில் ஏற்றிச் சொந்த ஊருக்கு அனுப்பிவந்த குடும்பங்கள் இங்கேயே அடக்கம் செய்யத் துணிந்திருக்கின்றன. ஒரு சமூகம் எந்த மண்ணைத் தன்னுடையதாக நினைக்கிறது என்பதை இதைவிடத் தெளிவாக எந்த மொழித் தேர்வும் காட்டாது.

நார்த் ரைன்-வெஸ்ட்ஃபாலியா மாநிலத்தில், அதே 1980களில் வந்து இறங்கியவர்கள்தான் ஈழத் தமிழர்களும். அங்குள்ள ஹாம் நகரில் 1989 வாக்கில் ஒரு வீட்டின் நிலவறையில் தொடங்கிய காமாட்சி அம்மன் வழிபாடு, 2002இல் கோபுரத்தோடு கூடிய கோயிலாக எழுந்தது. இடம் கிடைத்தது தொழிற்பேட்டையில், இறைச்சி ஆலைக்குப் பக்கத்தில். அம்மனுக்கு அதனால் குறை வந்ததாகத் தெரியவில்லை. தேர்த் திருவிழாவுக்கு ஐரோப்பா முழுவதிலுமிருந்து ஆயிரக்கணக்கில் கூடுகிறார்கள், ஜெர்மானியர்களும் வருகிறார்கள். கடன் வாங்கிக் கோயில் கட்டுகிறவர் நாளைக்கும் இங்கேதான் இருப்போம் என்று நம்புகிறவர்.

ஒட்டி வாழ்ந்து காட்டு, பிறகு தங்க அனுமதி தருகிறேன் என்கிறது இன்றைய கொள்கை. அனுபவம் சொல்லும் வரிசை நேர் எதிரானது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டிய சான்றை வைத்திருப்பவருக்கு வாடகைக்கு வீடு கிடைப்பது அரிது. தொழிற்பயிற்சிக்கு எடுக்க முதலாளி தயங்குவார். இரவில் தூக்கம் வராது. அவர் தன் சமூகத்துக்குள்தான் அடைக்கலம் தேடுவார். அந்தச் சமூகத்தின் பெரியவர்கள் சொல்வதே சட்டமாகும். அகமணத்தின் பிடி இறுகுவதும் அங்கேதான்.

சொந்தக் காலில் நிற்கும் தெம்பு இருந்தால் மதமும் தளர்ந்து கொடுக்கும். ஐஎஸ்ஸிடமிருந்து மீண்டு வந்த பெண்களை, பழைய வழக்கப்படி பார்த்தால், சமூகம் ஒதுக்கியிருக்க வேண்டும். யாசிதிகளின் ஆன்மிகத் தலைவராக இருந்த பாபா ஷேக் குர்தோ ஹஜி இஸ்மாயில் அவர்களைத் தூய்மையானவர்கள் என்று அறிவித்தார். லாலிஷின் வெள்ளை ஊற்று நீரில் மறுபடி தீர்த்தமாடி, அந்தப் பெண்கள் வீடு திரும்பினார்கள். ஆனால் அவர்கள் பெற்ற குழந்தைகளை ஏற்பதில் சமூகம் திணறியது. 2019இல் ஏற்பதாக வந்த அறிவிப்பு, மூன்று நாளில் 'அந்தக் குழந்தைகள் இதில் சேர மாட்டார்கள்' என்ற விளக்கத்தோடு திரும்பிப் போனது. பிள்ளையா, சமூகமா என்று தேர்ந்தெடுக்க வேண்டிய நிலை அந்தத் தாய்மாருக்கு. இரண்டையும் வைத்துக்கொள்ளத் தொலைதூர நாட்டில்தான் அவர்களுக்கு வழி இருந்தது.

நம் பக்கம் திரும்பினால்

ஜெர்மனியைக் கேட்கிற கேள்வியை இந்தியாவிடமும் கேட்கலாம். 1951 அகதிகள் உடன்படிக்கையில் இந்தியா கையெழுத்திடவில்லை. உள்நாட்டில் அகதிகளுக்கென்று தனிச் சட்டமும் இல்லை. 2019 குடியுரிமைத் திருத்தச் சட்டம் மூன்று நாடுகள், ஆறு மதங்கள் என்று பட்டியல் போட்டது. பாகிஸ்தானின் அகமதியாக்கள் பட்டியலில் இல்லை. தமிழக மறுவாழ்வு முகாம்களில் நாற்பதாண்டுகளாக இருக்கும் இலங்கைத் தமிழர்களும் இல்லை. ஈராக் பட்டியலில் இல்லாததால் நாளை ஒரு யாசிதி வந்து நின்றாலும் அந்தச் சட்டம் அவருக்கு உதவாது. மதத்தின் பெயரைப் பார்ப்பதைவிட, ஆளுக்கு என்ன நேர்ந்தது என்று பார்க்கும் சட்டம் வேண்டும். சசி தரூர் 2015இலேயே தனிநபர் மசோதாவாக அப்படியொன்றை மக்களவையில் வைத்தார். அரசு அதைத் தூசு தட்டி எடுத்துத் திருத்தி நிறைவேற்றலாம்.

செய்யக்கூடியவை

ஜெர்மனிக்கு முதல் தேவை, வந்த தேதிச் சிக்கலை அவிழ்ப்பது. 2014க்குப் பிறகு ஈராக்கிலிருந்து வந்து, கடும் குற்றம் எதிலும் தண்டிக்கப்படாத எல்லா யாசிதிகளுக்கும் ஒரே மாதிரியான தங்கும் அனுமதியைச் சட்டப்படி வழங்கலாம். முதலில் மூன்று ஆண்டு. அதற்குள் மொழியும் வேலையும் வசப்பட்டால் நிரந்தரம். ஆளுக்காள் நீதிமன்றப் படியேறும் செலவும் இதில் மிச்சமாகும்.

இரண்டாவது, நீதிமன்றத்தில் மனு நிலுவையில் இருக்கும்போது, குறிப்பாகப் பள்ளி செல்லும் பிள்ளைகள் உள்ள குடும்பத்தை, விமானத்தில் ஏற்றக் கூடாது. மனு இருக்கிறதா என்பது விமான நிலையக் காவலருக்குக் கணினியில் தெரியும்படி செய்வது ஜெர்மனிக்குப் பெரிய வேலையல்ல.

பாடன்-வியூர்ட்டெம்பெர்க் திட்டத்தில் வந்த பெண்களின் குடும்பம் இன்னும் சிதறிக் கிடக்கிறது. கணவனோ, மகனோ, சகோதரனோ பின்னால் மீட்கப்பட்டாலும் அழைத்துவருவது பெரும்பாடு. அவர்களுக்கென்று விசா வழி ஒன்றைத் திறக்க வேண்டும். அவர்களின் பாதுகாப்பும் முக்கியம். 2018இல் ஓர் இளம்பெண், தன்னை விலைக்கு வாங்கியவனை ஷ்வேபிஷ் க்மூண்ட் நகர வீதியிலேயே எதிர்கொண்டதாகச் சொல்லி, பயந்துபோய் ஈராக் முகாமுக்கே திரும்பிவிட்டார். இப்படி ஒரு புகார் வந்தால் அவசரமாகக் கையில் எடுக்கத் தனிக் காவல் பிரிவு வேண்டும்.

மொழி வகுப்பைப் பொறுத்தவரை, பொதுவான பாடம் 600 மணி நேரம்; எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்குக் கூடுதல் நேரத் தனி வகுப்பும் உண்டு. ஆனால் கண்ணெதிரே குடும்பத்தை இழந்து வந்த 45 வயதுப் பெண்ணுக்கு வகுப்பு நேரத்தைக் கூட்டினால் மட்டும் போதாது. உளவியல் சிகிச்சையும் மொழிப் பாடமும் ஒரே கூரையின்கீழ் நடக்க வேண்டும்.

வெளியே மணம் செய்ய விரும்பும் இளையோருக்குப் பாதுகாப்பு இல்லமும், குர்திஷ் பேசும் ஆலோசகர்களும் கட்டாயம். இதில் சமூகப் பெரியவர்களின் சம்மதத்துக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. யாரை மணப்பது, எப்படிக் கும்பிடுவது என்பதில் அரசு தலையிட வேண்டாம். விலகிப் போக நினைப்பவரின் உயிருக்கு மட்டும் அரசு பொறுப்பு.

இதற்கெல்லாம் புதிய சட்டம் வரும்வரை காத்திருக்கவும் தேவையில்லை. மாநில அரசுகள் தாங்களாகவே மூன்று மாதத்துக்கு நாடு கடத்தலை நிறுத்திவைக்கலாம். நார்த் ரைன்-வெஸ்ட்ஃபாலியா 2023 டிசம்பரில் யாசிதிப் பெண்களுக்கும் சிறுவர்களுக்கும் அப்படிச் செய்தது. அதை நீட்டித்து நிரந்தரமாக்க மத்திய உள்துறை அமைச்சகத்தின் ஒப்புதல் வேண்டும். பதினாறு மாநிலங்களின் உள்துறை அமைச்சர்களும் ஆண்டுக்கு இருமுறை மாநாடு கூடுகிறார்கள். அடுத்த கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில், நாடாளுமன்றத்தின் 2023 தீர்மானத்தை இணைப்பாக வைத்து, ஒப்புதல் கோரும் தீர்மானத்தை ஏதாவது ஒரு மாநிலம் முன்வைத்தால் போதும்.